டவுன்ஷெண்டின் நாய்

முதல் உலகப் போரில் பாக்தாத் எப்படிப் பிரிட்டிஷாரிடம் விழுந்தது என்பதை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் பாக்தாத் போகும் வழியில் டைக்ரிஸ் கரையில் இருக்கும் கூட் அல் அமாராவைத் தாண்ட, பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஜெனரல் டவுன்ஷெண்ட் விடமாட்டேன் என்கிறார்.

நெப்போலியன் பைத்தியம் பிடித்தவர், பாஞ்சோ வாசிப்பவர். 1895இல் சித்ரால் கோட்டை முற்றுகையைத் தாக்குப்பிடித்துப் பெயர் வாங்கியவர். பதவி உயர்வு கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவதில் அவருக்குச் சலிப்பே கிடையாது. இவ்வளவும் இருந்தும் மூளை நன்றாகவே வேலை செய்தது: படகு போதாது, ஆள் போதாது, பாக்தாத் வேண்டாம் என்று எச்சரித்தவரும் அவர்தான். பாஸ்ராவிலிருந்து அரிசி, மாவு, குண்டு எல்லாமே டைக்ரிஸ் ஆற்றில் எதிர்நீச்சலில்தான் வர வேண்டும். அவருக்கு மேலே இருந்த தளபதி நிக்சன் காதில் அது ஏறவில்லை. 1915 நவம்பரில் பாக்தாத் அருகே டெசிஃபோனில் துருக்கியரோடு மோதிய டவுன்ஷெண்டின் பூனா டிவிஷன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்களை இழந்து கூட் அல் அமாராவுக்குத் திரும்பியது. டிசம்பர் 7இல் துருக்கியர் ஊரை வளைத்துக்கொண்டனர்.

நிக்சனைத்தான் வில்லன் என்பார்கள். எனக்கு டவுன்ஷெண்ட் மேல்தான் கோபம். கையிருப்பு இரண்டே மாதத்துக்குத்தான் என்று அவர் சொல்லப்போய், மீட்புப் படை முழுதாகத் திரளுமுன்பே அதன் தளபதி அய்ல்மர் அவசரமாகக் கிளம்பினார்; ஷேக் சாத், வாதி, ஹன்னா என்ற இடங்களில் மழைச் சேற்றில் வரிசையாக அடிபட்டார். அதற்குப் பிறகுதான், ஜனவரிக் கடைசியில், ஊர் வீடுகளில் தேடித் தானியம் எடுத்துவிட்டு, இன்னும் 84 நாள் தாங்கும் என்று டவுன்ஷெண்ட் தந்தி அடித்தார்! முதல் வாரமே தேடியிருந்தால்? மீட்பு முயற்சிகளில் மொத்தம் சுமார் 23,000 பேர் மாண்டோ காயம்பட்டோ போனார்கள். முற்றுகைக்குள் இருந்தது அதில் பாதியை விடச் சற்றே அதிகம்.

உள்ளே குதிரை இறைச்சியை நம் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஏப்ரல் வரை தொடவில்லை. ஸ்கர்வி வந்து எலும்பும் தோலுமானார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளான ஆப்ரி ஹெர்பர்ட்டும் டி.ஈ. லாரன்ஸும் பணம் தருகிறோம், படையை விடுங்கள் என்று பேரம் பேசப் போனதும் இந்தக் கட்டத்தில்தான். இருபது லட்சம் பவுன் வரை ஏறியும் துருக்கிப் போர் அமைச்சர் என்வர் பாஷா மறுத்துவிட்டார். 1916 ஏப்ரல் 29இல் சரணடைந்தவர்கள் சுமார் 13,000 பேர்.

டவுன்ஷெண்டின் நாய் ஸ்பாட்டை, அவர் கேட்டுக்கொண்டபடி, துருக்கித் தளபதி கலீல் பாஷா பத்திரமாகப் பிரிட்டிஷார் பக்கம் அனுப்பிவைத்தார். டவுன்ஷெண்ட் இஸ்தான்புல் அருகே ஒரு தீவு மாளிகையில் வேலைக்காரர்களுடன் சிறையிருந்தார். சிறைப்பட்ட சிப்பாய்கள் பாலைவனத்தில் நடந்து ரயில் பாதை போடப் போனார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை, இந்தியச் சிப்பாய்களிலும் ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மடிந்தார்கள். 1920இல் டவுன்ஷெண்ட் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

பிரிட்டிஷ் ஜெனரல் மாட் பாக்தாத்துக்குள் நுழைந்தது அடுத்த வாரம், நிச்சயமாக.