ஓவர்லோட் கன்ஸ்ட்ரக்டரும் டியூபிளும்

ஒரு வகைக்குப் பல கன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கையில், தரப்பட்ட டியூபிளில் எத்தனை உறுப்புகள், அவை என்ன வகை என்று பார்த்துப் பொருத்தமானதைக் கம்பைலர் தேர்ந்தெடுக்கும் முறை. செயல்பாட்டு நிரலாக்கத்தில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, மைக்ரோசாப்ட் ரிசர்ச்சில் டான் சைம் உருவாக்கி 2005இல் வெளிவந்த எஃப்ஷார்ப். டாட்நெட் நூலகங்களோடு இணங்கிப்போக அது ஓவர்லோடிங்கை ஏற்றது.

டாட்நெட்டின் தேதி வகையான டேட்டைமில், திருச்சுழியில் ரமண மகரிஷி பிறந்த தேதியை எடுத்துக்கொள்வோம்: டேட்டைம்(1879, 12, 30). மூன்று முழு எண்கள் என்பதால் ஆண்டு, மாதம், நாள் வாங்கும் கன்ஸ்ட்ரக்டர் அமைகிறது. மணி, நிமிடம், நொடி சேர்த்து ஆறு தந்தால் வேறொன்று. ஒரேயொரு 64 பிட் எண் தந்தால் அது 100 நானோநொடி டிக்குகளின் எண்ணிக்கை. நம் வழக்கப்படி (30, 12, 1879) என எழுதினாலும் வகை பொருந்திவிடும்; கம்பைலர் தடுக்காது, ஓடும்போதுதான் பிழை வெடிக்கும். தேதி கையாள்பவர்கள் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும்.

உள்ளீடுகளை ஒவ்வொன்றாக வாங்கும் கரீட் முறைகளை எஃப்ஷார்ப்பில் ஓவர்லோட் செய்ய முடியாது. முதல் உள்ளீடு மட்டும் வந்த நிலையில் எந்த வடிவம் என்று தீர்மானிக்க வழியில்லை. டியூபிள் எல்லாவற்றையும் ஒருசேரத் தருகிறது. 2015இல் வந்த 4.0 பதிப்பு முதல் கன்ஸ்ட்ரக்டரையே ஃபங்ஷனாகக் கையாளலாம்.

மற்ற செயல்பாட்டு மொழிகளைப் பார்த்தால், ஹாஸ்கெல்லில் டேட்டா கன்ஸ்ட்ரக்டருக்கு ஓவர்லோடிங் இல்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிப் பெயர். ஓகேமலில் கன்ஸ்ட்ரக்டரை வரையறுக்கையில் அடைப்புக்குறியே பொருளை மாற்றும்: ‘இன்ட் * இன்ட்’ என்றால் இரண்டு புலங்கள், அதையே அடைப்புக்குள் இட்டால் ஒரே டியூபிள்.