அலாரத்துக்கு முன்பு இருந்த காவல்

கதவைத் திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும் திருட்டு அலாரத்துக்கு 1853இல் அமெரிக்காவின் அகஸ்டஸ் போப் காப்புரிமை பெற்றார். இலஞ்சி, தென்காசி அடங்கிய பழைய திருநெல்வேலிச் சீமையில் அதற்கு வெகுகாலம் முன்பே வேறொரு ஏற்பாடு இருந்தது. அதன் பெயர் காவல்.

தனி ஊரைக் காப்பது ஸ்தலக் காவல். பாளையக்காரர் பல ஊர்களுக்குச் செய்தது தேசக் காவல். காவல்காரர்களில் பெரும்பாலோர் மறவர். கூலி, விளைச்சலில் ஒரு பங்கு. கையில் காசில்லாத குடியானவனுக்கும் இது கட்டுபடியாகும். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும், இல்லையேல் ஈடு கட்டவேண்டும். இந்தப் பொறுப்பை எந்த அலாரம் ஏற்கும்?

மறுபக்கமும் உண்டு. கூலி கொடுக்காதவர் வீட்டு மாடு காணாமல் போகும்! அதைத் திரும்பப் பெறக் கொடுப்பது துப்புக்கூலி. காவலுக்கும் களவுக்கும் இடையே கோடு அவ்வளவு மெல்லியது.

பாளையக்காரர் போர்களை ஒட்டி தேசக் காவலைக் கம்பெனியார் பறித்துக்கொண்டனர். ஊர்க் காவல் மட்டும் பல இடங்களில் நீடித்தது. பிறகு 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. இரவெல்லாம் ஊருக்காக விழித்திருந்தவர்களின் வழிவந்தோரில் பலர் கைரேகை வைத்து, இரவில் போலீசார் முன் ஆஜராக நேர்ந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் ரத்தானது.