கோமாளியும் கண்ணாடியும்

சித்திரப் படங்கள் திரையில் வெட்டிவெட்டித் துள்ளிய காலத்தில், அமெரிக்காவில் மாக்ஸ் பிளைஷர் என்பார் ஓர் உபாயம் கண்டார். தம்பி டேவைக் கோமாளி வேடத்தில் ஆடச்செய்து படம்பிடித்தார். பிலிமின் ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியின் பின்னிருந்து ஒளியால் வீழ்த்தி, மேலிட்ட தாளில் கோடிழுத்தார். பகலெல்லாம் பத்திரிகை வேலை; இரவில் வீட்டுக்கூடமே பட்டறை! முதற் சோதனைக்கே ஏறத்தாழ ஓராண்டு சென்றதென்பர். 1915இல் விண்ணப்பித்த காப்புரிமை 1917இல் கிட்டியது. அக்கோமாளியே பின்னர்க் கோகோ எனப் புகழ்பெற்றான்.

பிரதி எடுப்பதும் ஒரு கலையா என்று ஏளனம் செய்தவர்களுள் நானும் ஒருவன். பின்பு நானே விளக்கின்மேல் கண்ணாடி வைத்து, ஒரு நொடி நடைக்கு 24 தாள்கள் வரைந்தேன். சட்டையின் மடிப்பு ஒன்றையும் விடவில்லை; ஓட்டிப் பார்த்தால் மடிப்புகள் கொதிநீர்போல் குமிழியிட்டன. பாதிக் கோடுகளை விலக்கி மீண்டும் வரைந்த பின்னரே மனிதன் நடந்தான்.