ரயிலேறிப் போய்ப் பார்க்க எமக்கும் ஒரு கோட்டை இருக்கிறது

பெற்றோருக்கும் இளைஞர்களுக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ஜப்பானில் ஹிமேஜி என்றொரு நகரம். 1945இல் விமானக் குண்டுவீச்சில் நகரம் எரிந்தபோதும் அங்குள்ள பழைய கோட்டை தப்பிவிட்டது. இன்று அந்நாட்டுப் பிள்ளைகள் காலையில் ரயிலேறிப் போய் அதைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறார்கள். எமக்கும் அப்படியொரு கோட்டை திருகோணமலையில் இருக்கிறது. ஆனால் எம் பிள்ளைகள் பலருக்கு அது மான் பார்க்கும் இடம் மட்டும்தான்.

அதனால் அண்மையில் தரம் 10 பிள்ளைகளோடு கந்தளாயிலிருந்து ரயிலில் போனோம். கல்லோயாவிலிருந்து வரும் இந்தப் பாதை 1927இல் திறக்கப்பட்டது. தம்பலகாமத்து வயல்களைத் தாண்டினால் சீனக்குடா. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் குண்டுவீசித் தாக்கின. அதே நாளில்தான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. எங்கோ கிடக்கும் ஜப்பானுக்கு இங்கே என்ன வேலை? துறைமுகம்தான். கோட்டையின் கதையும் அதேதான்.

கோட்டை வாசலில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், இது யார்ர கோட்டை?"

கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே ஆண்டு ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தார். பிறகு ஓர் உடன்படிக்கையால் மீண்டும் ஒல்லாந்தரிடம் வந்தது. 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். 1803இல் அவர்கள் தங்கள் இளவரசரின் பெயரை வைத்துப் பிரெட்றிக் கோட்டை என்றார்கள். இவர்களில் யாருக்கும் இந்த மலை மீது ஆசை இல்லை. வாடைக் காற்றில் இந்தியாவின் கிழக்குக் கரையில் கப்பல்கள் ஒதுங்க நல்ல இடம் கிடையாது. எங்கள் குடாவோ எந்தக் காற்றிலும் பாதுகாப்பானது. குடாவை ஆள நினைத்தவன் கோட்டையைப் பிடித்தான்.

இனி, நாம் வழக்கமாகப் பேசாத பகுதி. இந்தக் கோட்டை வெறும் நிலத்தில் எழுந்ததல்ல. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோவிலை இடித்தார். அந்தக் கற்களும் கோட்டைக்குப் போயின. பாண்டியரின் இரட்டை மீன் சின்னம் செதுக்கிய கல்லை வாசலில் இன்றும் பார்க்கலாம். பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள்.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1626இல், அதே போர்த்துக்கேய ஆட்சி தன் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னது. அடைக்கலம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். சுமார் 4,000 பேரை அவர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினார். கிழக்கில் எம் முன்னோர் பலரின் வேர் அந்த நிகழ்வோடும் சேர்ந்திருக்கிறது.

கோவிலை இழந்த தமிழரும், வீடு வாசலை விட்டு வந்த முஸ்லிம்களும், போர்த்துக்கேயரை எதிர்த்து நின்ற கண்டியும் ஒரே காலத்தவர்கள். ஆனால் நாம் எங்கள் கதையை எங்கள் பிள்ளைகளுக்கும், அவர்கள் தங்கள் கதையைத் தங்கள் பிள்ளைகளுக்கும் தனித்தனியாகச் சொல்கிறோம். பாதிக் கதை கேட்டு வளரும் பிள்ளைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளையின் துக்கம் தெரியாது. இந்த மாவட்டம் அதற்குக் கொடுத்த விலை உங்களுக்கும் தெரியும்.

ஆகவே விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். நிலையத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது, அடையாள அட்டையை மறக்க வேண்டாம். மலை உச்சியில் கோவில் இருப்பதால் அங்கே மரியாதையாக நடக்கச் சொல்லிக் கொடுங்கள். வாசலில் அந்த மீன் கல்லைக் காட்டுங்கள். 1622ஐயும் 1626ஐயும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

"யார்ர கோட்டை?" என்று கேட்ட பிள்ளைக்கு நாங்கள் சொன்ன பதில்: கட்டியவனும் போய்விட்டான், பிடித்தவனும் போய்விட்டான். பக்கத்தில் மிஞ்சியிருப்பது நாம் எல்லோரும்தான்.