இடம் மாறாத சொற்கள்: அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான டேப்லெட் செயலி வடிவமைப்பின் வரலாறு

ஐபேட் 2010 ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் முகப்பில் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. எந்தச் செயலிக்குள் போயிருந்தாலும் அதை அழுத்தினால் முதல் திரைக்குத் திரும்பிவிடலாம். 2018 நவம்பரில் வந்த ஐபேட் ப்ரோவில் அந்தப் பொத்தான் இல்லை. 2022-இல் சாதாரண ஐபேடிலிருந்தும் அது போய்விட்டது. கீழ்விளிம்பிலிருந்து விரலை மேலே இழுப்பதே இனி வழி. பெரும்பாலோருக்கு இது ஓரிரு நாள் தடுமாற்றம். ஒரு செயலை மாதக்கணக்கில் பழகித் தனதாக்கிக்கொண்ட அறிவுசார் குறைபாடுள்ள ஒருவருக்கோ, வீட்டு வாசலை இரவோடு இரவாக வேறு பக்கம் வைத்தது போன்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சைகையை அவர் நினைவிலிருந்தே எடுத்தாக வேண்டும்.

டேப்லெட்டின் வருகையை இவர்களுக்குக் கிடைத்த விடுதலையாகச் சொல்வது வழக்கம். அதில் பாதி உண்மை உண்டு. மலிவும் தொடுதிரையும் உண்மையான பயன்கள்தாம். ஆனால் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது அந்தக் கருவியின் இயல்பு. அந்த மாற்றத்துக்கு அணை போட்ட முயற்சிகளே இத்துறையின் வரலாற்றில் முக்கியமானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திரைக்கு முந்திய காலம்

படத்தைத் தொட்டுப் பேசும் முறை கணினியோடு பிறந்ததல்ல. செர்னோவிட்ஸில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய சார்ல்ஸ் பிளிஸ், உலகமெல்லாம் படிக்கக்கூடிய ஒரு குறியீட்டு மொழியை உருவாக்கி 1949-இல் நூலாக வெளியிட்டார். அவர் எண்ணிய உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1971-இல் டொராண்டோவில் ஷெர்லி மெக்நாட்டன் என்னும் ஆசிரியை, மூளை முடக்குவாதத்தால் பேச இயலாத குழந்தைகளுக்கு அக்குறியீடுகளைப் பலகையில் வைத்துக் கற்பித்தார். அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தில், பாட்லீஸ் பார்க் மருத்துவமனையில் வசித்த, காது கேளாமையும் கற்றல் குறைபாடும் சேர்ந்த பெரியவர்களுக்காக மார்கரெட் வாக்கர் சைகைகளைத் தொகுத்தார். மக்கட்டன் முறை அப்படிப் பிறந்தது. 1980-களின் நடுவில் டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கிய முறையில், குழந்தை ஒரு படத்தைக் கையில் எடுத்து எதிரே இருப்பவரிடம் கொடுக்கிறது. சொல்வது இன்னொருவருக்காக என்ற செய்தி அந்தக் கொடுக்கும் செயலிலேயே அடங்கியிருந்தது.

காகிதப் பலகைக்கு ஒரு குணம் இருந்தது. அதில் ஒட்டிய ‘தண்ணீர்’ நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். 1990-களில் திரையுள்ள பேச்சுக் கருவிகள் பரவின. ஒரு படத்தைத் தொட்டால் பக்கமே மாறி வேறு படங்கள் வரும். சொற்கள் பெருகின, கூடவே, எந்தச் சொல் எந்தப் பக்கத்தின் அடியில் இருக்கிறது என்று நினைவில் வைக்கும் சுமையும் பெருகியது. பேச்சுப் பயிற்சியாளர்களில் ஒரு சாரார் இதற்கு மறுப்பாக, சொல்லின் இடத்தைக் கண் தேடுவதைவிடக் கை பழகுவதே மேல் என்று வாதிட்டார்கள். தட்டச்சு பழகியவர் எழுத்தைத் தேடுவதில்லை. அதே வழியில், இடம் நிலையாக இருந்தால் சொல்லும் விரலுக்குப் பழகும். ஒவ்வொரு புதிய செயலியும் இந்தக் கருத்தை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

விலையும் வழக்கும்

2009 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமின் அசிஸ்டிவ்வேர் நிறுவனம், ஐபோனுக்கும் ஐபாட் டச்சுக்கும் புரோலோக்வோ2கோ என்ற செயலியை வெளியிட்டது. அதன் விலை சுமார் 150 டாலர். அப்போது பேச்சுக்கென்றே செய்த கருவிகள் சில 8,000 டாலர் வரை விற்றன. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, பேச மட்டுமே உதவும் கருவிக்குப் பணம் தந்தது; வேறு வேலையும் செய்யும் கணினிக்குத் தரவில்லை. பெற்றோர் பலர் காப்பீட்டுக்குக் காத்திராமல் கடையில் வாங்கினார்கள். அண்ணன் வைத்திருப்பதைப் போன்ற ஒரு கருவி பிள்ளையின் கையிலும் இருக்கிறது என்பதன் மதிப்பைப் பணத்தால் அளக்க முடியாது. மருத்துவக் கருவி தரும் தனிமை அதில் இல்லை.

ஆனால் இந்தச் சந்தைக்கு வேறொரு முகம் 2012-இல் தெரிந்தது. இரண்டு பேச்சுப் பயிற்சியாளர்கள் உருவாக்கிய ‘ஸ்பீக் ஃபார் யுவர்செல்ஃப்’ செயலியில் எந்தச் சொல்லும் இரண்டு தொடுகைக்கு மேல் தள்ளி இருக்காது. சொற்கள் இடம் மாறாது. இன்னும் கற்காத சொற்களை மறைத்து வைக்கலாம், அவற்றின் கட்டம் வெறுமையாக இருக்கும், பின்னர் திறக்கும்போது பழைய சொல் ஒன்றுகூட நகராது. சிறிய பலகையில் தொடங்கிப் பெரிய பலகைக்கு மாற்றும் பழைய பழக்கத்தைவிட இது எவ்வளவோ நல்ல தீர்வு. பழைய கருவி நிறுவனங்கள் காப்புரிமை வழக்குத் தொடுத்தன. அவ்வாண்டு ஜூனில் ஆப்பிள் தன் கடையிலிருந்து செயலியை நீக்கியது. பின்னர் சமரசம் ஏற்பட்டுச் செயலி திரும்பியது. இடையில், அதைக்கொண்டு பேசத் தொடங்கியிருந்த பிள்ளைகளின் வீடுகளில், அடுத்த மேம்படுத்தலில் குரல் நின்றுவிடுமோ என்ற பயம் இருந்தது. ஒருவரின் பேச்சு ஒரு வணிக ஒப்பந்தத்தின் மேல் நிற்கலாம் என்பதை அன்று பலர் முதன்முறையாக உணர்ந்தார்கள்.

சென்னையில் ஒரு கிளை

சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணன், வித்யாசாகர் சிறப்புப் பள்ளியின் துணையோடு உருவாக்கிய ‘ஆவாஸ்’ முதலில் தனிக்கருவியாக வந்தது. 2012-இல் ஐபேட் செயலியாயிற்று. அதற்குப் பின் அவர் எடுத்த கேள்வி தமிழருக்கு நெருக்கமானது. படங்களை வரிசையாகத் தொட்டால் வாக்கியம் வந்துவிடும் என்ற எண்ணம் ஆங்கிலத்துக்கு ஓரளவு பொருந்தும். தமிழில் ‘நான்’, ‘தண்ணீர்’, ‘வேண்டும்’ என்று மூன்று படங்களைத் தொட்டால் வருவது வாக்கியமல்ல. ‘நான்’ என்பது ‘எனக்கு’ ஆக வேண்டும். ஒவ்வொரு வேற்றுமைக்கும் ஒரு கட்டம் வைத்தால் பலகை தாங்காது. உருபைப் பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்கட்டும் என்றால், எந்தச் சுமையை இறக்க வந்தோமோ அதையே ஏற்றுகிறோம். யார், எதை, எப்போது என்ற உறவுகளைப் படங்களுக்கிடையே வரைந்தால் இலக்கணத்தை எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பதே அவரது ‘ஃப்ரீஸ்பீச்’ யோசனை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை வீட்டில் கேட்பது ‘வேணும்’. எந்திரக் குரல் சொல்வது ‘வேண்டும்’. இரண்டும் ஒன்றே என்று ஊகிப்பது நமக்கு எளிது. அந்த ஊகம் எளிதாக வராத பிள்ளைக்கு அம்மாவின் குரலைப் பதிவுசெய்து வைப்பதே நேர்மையான வழி. படிப்பதற்கான தமிழும் பேசுவதற்கான தமிழும் வேறு என்பதைச் செயலி செய்வோர் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

நெறிமுறைகளும் பூட்டுகளும்

இணைய அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. மிக உயர்ந்த நிலையை எட்டினாலும், குறிப்பாக அறிதல், மொழி, கற்றல் சார்ந்த குறைபாடுகள் உள்ள எல்லாருக்கும் அது போதாது என்று அதன் முன்னுரையே ஒப்புக்கொண்டது. பார்வையற்றோருக்கான விதிகளைச் சோதிப்பது ஒப்பீட்டளவில் எளிது: படத்துக்கு விளக்கம் இருக்கிறது அல்லது இல்லை. ‘புரிகிறது’ என்பதை அப்படிச் சோதிக்க முடியாது. ஆகவே அது பின்னுக்குப் போனது. இக்குறையை நிரப்பும் வழிகாட்டி 2021 ஏப்ரலில்தான் வெளியானது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, கடவுச்சொல்லை நினைவிலிருந்து எடுப்பதையோ புதிர் அவிழ்ப்பதையோ உள்நுழைவதற்கான ஒரே வழியாக்கக் கூடாது என்றது.

இயங்குதளங்கள் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன. 2013-இல் ஐஓஎஸ் 7 பொத்தான்களின் விளிம்புகளை அழித்தது; எதைத் தொடலாம், எது வெறும் எழுத்து என்பது மங்கியது. மறு ஆண்டு மார்ச்சில், விரும்புவோர் பொத்தானின் வடிவத்தைத் திரும்பப் பெறும் அமைப்பு வந்தது. 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் வந்த ‘அசிஸ்டிவ் ஆக்சஸ்’ பெரிய படங்கள், சில செயலிகள் என்று திரையைச் சுருக்கி, அதன் அடியில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் ஒரு பெரிய திரும்பும் பொத்தானை வைத்தது.

2012-இல் வந்த ‘கைடட் ஆக்சஸ்’ வசதி ஒரே செயலிக்குள் திரையைப் பூட்டிவிடும். சிறப்பாசிரியர்கள் அதைக் கொண்டாடியதற்குக் காரணம் உண்டு: தவறித் தொட்டு வெளியேறும் அவதி நின்றது. ஆனால் பூட்டின் எண் பயன்படுத்துபவரிடம் இல்லை. அதே அதிகாரம் சொற்பலகையிலும் உண்டு. எந்தச் சொல் இருக்கலாம் என்று பெற்றோரும் பயிற்சியாளரும் முடிவு செய்கிறார்கள். சாப்பாடும் கழிப்பறையும் இருக்கும். ‘வேண்டாம்’, ‘பிடிக்கவில்லை’, ‘அவர் என்னை அடித்தார்’ இருக்காது. முப்பது வயதுக்காரரின் திரையில் கரடிப் பொம்மைகள் சிரிக்கும். உடல் உறுப்புகளின் பெயர் இல்லாத பலகையை வைத்திருப்பவர் தனக்கு நேர்ந்த வன்முறையைச் சொல்ல முடியாது. எனவே, தேர்ந்தெடுத்த சொற்களோடு மறுப்புச் சொற்களும் முறையீட்டுச் சொற்களும் நீக்க முடியாதபடி நிலையாக இருப்பதையே வடிவமைப்பின் முதல் விதியாகக் கொள்வேன்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. பத்து வயதில் ஒரு பலகையைக் கற்றவருக்கு இருபத்தைந்தில் அதன் ஒவ்வொரு கட்டமும் விரலில் இருக்கும். அதற்குள் செயலியை உருவாக்கிய நிறுவனம் மூடலாம், கருவி உடையலாம், ஐபேடிலிருந்து மலிவான ஆண்ட்ராய்டுக்கு மாற வேண்டி வரலாம். பலகைகளைச் செயலிக்குச் செயலி எடுத்துச்செல்லும் திறந்த கோப்பு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாச் செயலிகளும் அதை ஏற்பதில்லை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு தொடர்புச் செயலியும், பயன்படுத்துபவரின் பலகையை அதன் இடவரிசை குலையாமல் வெளியே தர வேண்டும் என்ற நிபந்தனையைக் கொள்முதல் ஆவணத்திலேயே எழுதலாம். அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.