குறைந்த செலவில் ஒரு பழைய எஸ்வி650: காசை எந்த வரிசையில் செலவழிப்பது?

பிரித்தானியாவில் இருபது, இருபத்தைந்து வருடம் பழைய ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பாதி கழற்றிய நிலையில் கராஜில் இரண்டு வருடம் கிடந்துவிட்டு, வாங்கியதிலும் குறைந்த விலைக்கு மீண்டும் விற்பனைக்கு வருபவையும் விளம்பரங்களில் நிறையவே இருக்கின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காசு தவறான வரிசையில் செலவாகியிருக்கும். சத்தம் போடும் சைலன்சர் முதலில் வந்திருக்கும், பிரேக்குக்குக் காசு மிஞ்சியிருக்காது.

உதாரணத்துக்கு சுசுகி எஸ்வி650ஐ எடுத்துக்கொள்வோம். 1999இல் வந்த இந்த வண்டிக்கு 645 சிசி, 90 பாகை வி-ட்வின் என்ஜின், ஏறத்தாழ 70 குதிரைசக்தி. 2002 வரை வந்தவை காபரேற்றர் உள்ளவை, 2003இலிருந்து இன்ஜெக்‌ஷன். வீட்டில் வைத்துத் திருத்தப் பழகுவதற்கு இதைவிடப் பொறுமையான என்ஜின் குறைவு. நிறைய விற்ற வண்டி என்பதால், வண்டிகளை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் யார்டுகளில் பாவித்த பாகங்களைத் தேடி எடுக்கலாம். ஹேன்ஸ் கையேடும் உண்டு. அதை வண்டிக்கு முன்னரே வாங்கிவிடுங்கள். பத்தொன்பது வயதில் எடுக்கக்கூடிய ஏ2 அனுமதிப்பத்திரம் உள்ளவர்களும், என்ஜினை 35 கிலோவாட்டுக்குக் கட்டுப்படுத்தினால் இதை ஓட்டலாம்.

லண்டனில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். 2023 ஓகஸ்ட் 29இலிருந்து யூலெஸ் வலயம் லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிகளையும் உள்ளடக்குகிறது. பொதுவாக 2007 ஜூலைக்குப் பின் பதிவான மோட்டார் சைக்கிள்களே அதன் யூரோ 3 தரத்துக்குள் வரும். அதற்கு முந்தியவற்றுக்கு ஓடும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். மாதத்தில் இருபது நாள் வேலைக்கு ஓடினால் 250 பவுண்ட். மலிவாக வாங்கிய வண்டியின் விலையைச் சில மாதங்களில் இந்தக் கட்டணமே தாண்டிவிடும். ஆனால் நைதரசன் ஒட்சைட்டு வெளியேற்றம் கிலோமீற்றருக்கு 0.15 கிராமுக்கு மேல் இல்லை என்று காட்டும் சான்றிதழ் இருந்தால், பழைய வண்டிக்கும் விலக்குப் பெறலாம். விற்பவரிடம் அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வண்டியின் பதிவு எண்ணை ரிஎஃப்எல் இணையத்தளத்தில் போட்டும் பார்க்கலாம்.

அதே பதிவு எண்ணை வைத்து அரச இணையத்தளத்தில் பழைய எம்ஓரி பெறுபேறுகளையும் இலவசமாகப் பார்க்கலாம். தோற்ற காரணங்களும் ஒவ்வொரு வருடத்து மைல் கணக்கும் அங்கே இருக்கும். மைல் கணக்கு ஒரு வருடம் குறைந்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். சட்டகத்தில் அடித்த இலக்கமும் வி5சி புத்தகத்தில் உள்ளதும் ஒன்றா என்று கண்ணால் பார்க்க வேண்டும். திருத்தும் காலத்தில் வீதிக்கு எடுக்கப்போவதில்லை என்றால் சோர்ன் அறிவித்தால் வரி கட்டத் தேவையில்லை. ஆனால் சோர்ன் செய்த வண்டி பொது வீதியில் நிற்கக்கூடாது. தொடர்மாடியில் இருப்பவர்கள் இதை யோசிக்காமல் வாங்கிவிட்டு இடத்துக்கு அலைகிறார்கள்.

முதல் செலவு பிரேக்குக்கும் ரயருக்கும். இங்கே வீதியில் போடும் உப்பு, முன் பிரேக் கலிப்பரின் பிஸ்டனையும் சறுக்கு ஊசிகளையும் இறுகப் பிடித்துவிடும். லீவரைப் பிடித்தால் நிற்கும், விட்டாலும் பிரேக் முழுதாக விடாது. கலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது சீல் போட்டு, புது டொட் 4 திரவம் ஊற்றுவது ஒரு சனிக்கிழமை வேலை. றப்பர் பிரேக் குழாய்களை நான்கு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறது சுசுகி. பல வண்டிகளில் தொழிற்சாலையில் போட்ட குழாயே இன்னும் இருக்கிறது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அடித்திருக்கும்: 2314 என்றால் 2014இன் 23ஆவது வாரம். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருட ரயர் கல்லைப்போல் இறுகியிருக்கும், மழையில் பிடிக்காது. பிரேக் வேலை தெரியாதவர்கள் இதை மட்டுமாவது மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். மகன் பைக் வாங்குகிறான் என்றதும் அம்மாமார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது எஸ்விக்கே உரிய ஒரு நோய். மழையில் ஓடும்போது திடீரென்று ஒரு சிலிண்டர் நின்று, வண்டி இழுவையில்லாமல் முக்கும். முன் சில்லு அடிக்கும் தண்ணீர் நேராக முன் சிலிண்டரின் பிளக் குழிக்குள் போவதால் வருவது இது. குழியிலிருந்து நீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறது. அது சேற்றால் அடைத்துவிடும். மெல்லிய கம்பியால் துளையைத் திறந்து, பிளக் மூடியில் சிலிக்கோன் கிரீஸ் பூசி, முன் மட்கார்டுக்கு நீட்டுத் துண்டு ஒன்று பூட்டினால் போதும். இது தெரியாமல் கொயில், பற்றரி என்று மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் உண்டு. பிளக்கைக் கழற்ற முன் குழிக்குள் காற்றடித்து மண்ணை வெளியேற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது நேராக என்ஜினுக்குள் விழும்.

இனிக் காபரேற்றர். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் இங்கே எம்மிடையே இருக்கிறார்கள். காபரேற்றரைக் கண்டு அவர்கள் பயப்படமாட்டார்கள். கழற்றும்போது ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நின்ற வண்டியில் பெற்றோல் காய்ந்து பிசினாகி, பைலட் ஜெற் என்ற ஊசித்துளையை அடைத்துவிடும். சோக் இழுத்தால் மட்டும் ஓடுகிறது, ஐட்லில் நிற்கிறது என்றால் அநேகமாக இதுதான். ஜெற்றைக் கழற்றி, சுத்தமாக்கும் ஸ்பிரே அடித்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெருத்துவிடும். ஜப்பானிய ஸ்குரூக்களின் தலை ஜேஐஎஸ் அளவு. சாதாரண நட்சத்திர ஸ்குரூட்றைவர் அதில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும், ஜேஐஎஸ் முனை ஒன்று வாங்குவது வீண் செலவல்ல. றப்பர் டயபிரம்களில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 செப்ரெம்பரிலிருந்து இங்கே சாதாரண பெற்றோல் ஈ10. பழைய றப்பருக்கு அதிலுள்ள எதனோல் கூடாது, ஆகவே விலை கொஞ்சம் கூடினாலும் ஈ5 சூப்பர் அடிப்பது நல்லது.

இரண்டு காபரேற்றரும் ஒரே அளவில் இழுக்கச் செய்வதுதான் இந்த வண்டியில் மிகக் குறைந்த செலவில் மிகக் கூடிய பலன் தரும் வேலை. அதற்குரிய அளவுகருவியை வாங்கத் தேவையில்லை. நான்கைந்து மீற்றர் தெளிவான பிளாஸ்ரிக் குழாயை ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, அடியில் கொஞ்சம் ரூ-ஸ்ரோக் ஒயில் விடுங்கள். இரு முனைகளையும் இரு சிலிண்டர்களின் வெற்றிடத் துவாரங்களில் செருகி, சூடேறிய என்ஜினை ஐட்லில் ஓட விடுங்கள். எந்தப் பக்கம் கூட இழுக்கிறதோ அந்தப் பக்கம் ஒயில் ஏறும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஸ்குரூவை மெல்லத் திருப்பி மட்டத்தைச் சமப்படுத்த வேண்டும். ஒயில் வேகமாக ஏறினால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். தப்பித்தவறி உள்ளே போனாலும் ரூ-ஸ்ரோக் ஒயில் எரிந்துவிடும். கராஜ் கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். குளிர் என்று பூட்டிவிட்டு என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மொனொக்சைட்டு ஆளைக் கொல்லும்.

வால்வு இடைவெளியை 24,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் இன்ரேக் 0.10 முதல் 0.20 மில்லிமீற்றர், எக்சோஸ்ற் 0.20 முதல் 0.30. அளவு பிசகியிருந்தால் தேவையான ஷிம்மை மட்டும் தனியாக வாங்குங்கள், பெட்டியோடு வேண்டாம். பற்றரி அடிக்கடி இறங்கினால் புதுப் பற்றரிக்கு ஓட முன் மல்ரிமீற்றரைப் பிடியுங்கள். 5000 சுற்றில் 13.5க்கும் 15க்கும் இடையில் வோல்ற் வராவிட்டால், பிரச்சினை ரெகுலேற்றரிலோ அதன் கருகிய இணைப்பிலோ இருக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் வண்டி புதிதாக இருந்தபோது ஓடியதைப்போல் ஓடும். ‘ரியூனிங்’ என்று பலர் தேடுவது உண்மையில் இதைத்தான். மிஞ்சிய காசை நாம் முன் ஃபோர்க்கில் போடுவோம். எஸ்வியைச் செலவு குறைத்துக் கட்டியது அங்கேதான் தெரிகிறது: ஸ்பிரிங் மென்மை, பிரேக் பிடித்தால் மூக்குக் குத்தும். உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் புது ஃபோர்க் ஒயிலும் போட்டு, ஏறி அமரும்போது முன்பக்கம் 30 முதல் 40 மில்லிமீற்றர் இறங்கும்படி அமைத்தால் வளைவில் வித்தியாசம் உடனே தெரியும். சைலன்சரும் ஜெற் கிற்றும் தரும் சில குதிரைசக்தியை விட இது வேகம். இன்னும் துடிப்பு வேண்டுமென்றால் முன் ஸ்பிரொக்கெற்றை 15 பல்லிலிருந்து 14க்கு மாற்றலாம். மிக மலிவு, நெடுஞ்சாலையில் என்ஜின் கொஞ்சம் கூடச் சுற்றும், அவ்வளவுதான்.

எதை மாற்றினாலும் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும், ஸ்பிரொக்கெற் என்றாலும். பிறகு எம்ஓரி, மோட்டார் சைக்கிளுக்கு உச்சக் கட்டணம் 29.65 பவுண்ட். முன்கூட்டியே நேரம் பதிவு செய்திருந்தால் சோர்ன் நிலையிலும் அங்கே ஓட்டிப் போகலாம், காப்புறுதி மட்டும் இருக்க வேண்டும்.