மாவட்டப் பேரிடர் அபாய மதிப்பீடு: விருதுநகர்

மாவட்டப் பேரிடர் அபாய மதிப்பீடு என்பது, எந்த இயற்கைச் சீற்றம் மாவட்டத்தின் எந்த இடத்தில் யாரை எவ்வளவு தாக்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் பணி. இந்தியாவில் இதற்கு அடிப்படை 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். அதன் 25ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைகிறது. எளிதில் பாதிக்கப்படும் பகுதிகளைக் குறிக்கும் மாவட்டத் திட்டத்தை 31ஆம் பிரிவு கோருகிறது.

அபாயம் மூன்றின் சேர்க்கை: சீற்றம், அதன் பாதையில் இருக்கும் மக்களும் உடைமைகளும், அவர்களின் தாங்கும் திறன். ஆளில்லாத காட்டில் ஓடை பெருகினால் அது வெறும் வெள்ளம். ஆனால் 2015 மே மாதம், மாவட்டத்தின் மேற்கு எல்லையருகே உள்ள சதுரகிரி மலையில் காட்டாறு திடீரெனப் பெருகியபோது அங்கே பக்தர்கள் கூடியிருந்தார்கள், உயிர்கள் போயின. நீரின் அளவை மட்டும் பார்க்கும் கணக்கில் இந்தச் சாவுகள் முன்கூட்டித் தெரிந்திருக்காது. மலையேறும் நாள், கூட்டம், திரும்பும் வழி எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரவேண்டியவை.

விருதுநகர் மாவட்டத்தை ஒரே நிறத்தில் தீட்டும் வரைபடம் தவறான படத்தையே தரும். மேற்கே ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியவை. கிழக்கே அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மானாவாரிக் கரிசல் காடு. அங்கே வறட்சி பல மாதம் ஊர்ந்து வரும். மலையடிவாரத்தில் வெள்ளம் சில மணி நேரத்தில் வந்துவிடும். இந்த மேற்குப் பகுதியிலுள்ள வன்னியம்பட்டி வட்டாரத்தில் ஒரு துளி விழாத நாளிலும், மேற்கே மலையில் கொட்டிய மழை ஓடைகளில் இறங்கக்கூடும். ஆகவே ஊரில் உள்ள மழைமானியை மட்டும் நம்பி இங்கே எச்சரிக்கை விட முடியாது.

இப்பகுதியின் நீர் கண்மாய் (ஏரி) விட்டுக் கண்மாய் போகிறது. மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. மேலே கரை உடைந்தால் அந்தச் சுமை முழுவதும் கீழே இறங்கி, அடுத்த கரையையும் சோதிக்கும். வரத்துக்கால் அடைபட்டிருந்தால் நீர் தெருவைத் தேடும். எனவே இங்கே கிராம எல்லையைவிட, ஒரே ஓடையில் கோத்த கண்மாய்த் தொடரே மதிப்பீட்டுக்குப் பொருத்தமான அலகு. கலுங்கின் (உபரிநீர் வெளியேறும் அமைப்பின்) மட்டம், கரையின் நிலை, கரைக்குக் கீழே குடியிருப்போர் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தெரிந்தால் பாதி மதிப்பீடு முடிந்தது.

தமிழ்நாட்டின் வெள்ளக் கணிப்பு, தேங்கும் நீரின் ஆழத்தை வைத்துப் பகுதிகளை நான்கு தரமாகப் பிரிக்கிறது: ஐந்தடிக்கு மேல் மிக அதிகம், மூன்று முதல் ஐந்தடி அதிகம், இரண்டு முதல் மூன்றடி மிதம், அதற்குக் கீழே குறைவு. ஊர்க்காரர்களின் நினைவிலிருந்தும் சுவரில் படிந்த நீர்க்கறையிலிருந்தும் சரிபார்க்கக்கூடிய எளிய அளவுகோல் இது. வறட்சிக்கு இத்தகைய நுணுக்கம் வாய்ப்பதில்லை. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபின், 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நிவாரணத்துக்கு அது உதவியது. கரிசல் காட்டுக்கும் மலையடித் தோப்புக்கும் உள்ள வேறுபாடு அதில் தெரியவில்லை.

சீற்றத்தோடு மக்களின் நலிவையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே கூட்டாட்சி அவசரகால நிர்வாக முகமை உருவாக்கிய தேசிய அபாயக் குறியீடு, கவுண்டி வாரியாகப் 18 வகைச் சீற்றங்களைக் கணக்கிட்டது. ஆண்டுக்கு எதிர்பார்க்கும் இழப்பைச் சமூகத்தின் நலிவால் பெருக்கி, மீண்டெழும் திறனால் வகுப்பது அதன் முறை. 2018இல், பின்தங்கிய மாவட்டங்களுக்கான இந்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த இரண்டில் விருதுநகர் ஒன்று. எனவே நலிவு என்ற அந்தக் கூறு இங்கே புறக்கணிக்கத்தக்கதல்ல.

வெள்ளம், வறட்சியோடு காட்டுத்தீயையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; அது கோடைக்குரிய அபாயம். 2018 மார்ச் 11 அன்று அண்டையிலுள்ள தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்தனர். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்திலும் உலர்ந்த புல்வெளிகளில் தீ பரவும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும்.

மாவட்டத் திட்டத்தை ஆண்டுதோறும் சீராய்ந்து புதுப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஒரு கண்மாய் தூர்வாரப்பட்டாலோ, ஓடைக்கரையில் புது மனைப்பிரிவு எழுந்தாலோ, சென்ற ஆண்டு எழுதிய தரம் அந்த இடத்துக்குப் பொருந்தாது.